அத்தையின் மடத்துப் பெயர்

பிள்ளைகளே, சிவாஜிநகரில் ஒரு கன்னியர் மடத்தின் ஆவண அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கோலார் தங்கவயலிலிருந்து கன்னியாஸ்திரியாகப் போன என் அத்தை செல்லம்மாவைத் தேடி வந்திருக்கிறேன். போகவே கூடாது என்று தடுத்தவர் அத்தையின் அண்ணன், அதாவது உங்கள் தாத்தா. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் தங்கையோடு பேசவில்லை. அத்தையின் கல்லறை எது என்றுகூட நமக்குத் தெரியாது.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் சிரிக்கிறார்.

"வீட்டுப் பேரைச் சொன்னா எப்படிண்ணா கிடைக்கும்? மடத்துக்கு வந்ததும் வேற பேர் எடுத்துக்குவோம்ல. அவங்க அப்பா பேர், ஊர் சொல்லுங்க."

சொல்கிறேன். பழுப்பேறிய பக்கங்களில் அவர் விரல் மெதுவாக இறங்குகிறது.

"சிக்கிட்டாங்க! சிஸ்டர் அந்தோணி. கல்லறையிலயும் இந்தப் பேர்தான் இருக்கும்."

"ஆம்பளைப் பேரா இருக்கே, சிஸ்டர்?"

"எங்ககிட்ட ஜோசப்பும் உண்டு, சேவியரும் உண்டு! பிடிச்ச பேரா மூணு எழுதிக் குடுக்கணும், மதர் அதுல ஒண்ணு தருவாங்க. இவங்களைப் பாருங்க, மூணு வரியிலயும் அந்தோணின்னே எழுதியிருக்காங்க. சரியான பிடிவாதக்காரி!"

அது உங்கள் தாத்தாவின் பெயர் என்று அவரிடம் சொல்கிறேன்.