நோயல் இறங்காத தீவு

2023ஆம் ஆண்டு, ஐப்பசி மழை எம்.கே.பி. நகரைக் கணுக்கால் ஆழத்துக்கு நனைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் மாடிப்படி ஏறி வந்த நோயல், சங்கமித்ராவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய துப்பட்டாவின் ஓரத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, இன்னொரு முறை பார்த்தார்.

“பீட்ரூட்டு,” என்றார். “தண்ணி போட்டுத் தேச்சிருக்க. தேய்க்கக் கூடாது பாப்பா, ஒத்தணும். தேச்சா அது உள்ள பூந்து குந்திக்கும். ஒத்தினா தானா வெளிய வந்துரும்.”

அதன் பிறகுதான் வணக்கம் சொன்னார்.

சங்கமித்ரா பயண ஏற்பாட்டாளர். நகலெடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு நாற்காலிகள், சுவரில் புத்தகயா, வேளாங்கண்ணி, திருப்பதி ஆகியவற்றின் படங்கள். எவரையும் அவரவர் வழிபடும் இடத்தில் கொண்டுபோய் விட்டு, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்படி அழைத்து வருவதே அவள் தொழில். ஒயினுக்காகவே ஒரு பயணத் திட்டம் வேண்டும் என்று அவளிடம் கேட்ட முதல் மனிதர் நோயல். அதற்காக மத்தியதரைக் கடலில் இருக்கும் மால்டாத் தீவு வரை போக வேண்டியதில்லை, தெருமுனை வரை போனால் போதும் என்பது அவளுடைய எண்ணம்.

“குடிக்கப் போவல பாப்பா, ருசி பாக்கப் போறோம்,” என்று நோயல் விளக்கினார். “குடிக்கிறவன் கீழ வுழுவான். ருசி பாக்குறவன் தலைய ஆட்டுவான். பத்து பேரு. நான்தான் கைடு.”

“ராயபுரத்துலயே ஏஜென்ட்டுங்க இருக்காங்களே அங்கிள்?”

“அங்க சொன்னா, நான் வூடு போயி சேர்றதுக்குள்ள சேதி சாமியாராண்ட போயிரும்.”

ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் நோயலுக்கு ஒரு சலவைக் கடை. வருகிற துணி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பிறர் நாளேடு வாசிப்பதைப் போல் வாசிப்பார். இறைச்சி கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் எந்த வீட்டில் ஆட்டுக்கால் பாயா கொதித்தது என்பது, பாவசங்கீர்த்தனத்தில் பாவ அறிக்கை கேட்கும் சாமியாருக்கு முன்பாகவே நோயலுக்குத் தெரிந்துவிடும். வெளியே சொல்ல மாட்டார். “சாமியாரு காதுல வாங்குறாரு, நான் கையில வாங்குறேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது.” அவருடைய சட்டைப்பையில் எப்போதும் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று இருக்கும். அதைக் கொண்டு அவர் தம் முகத்தைத் துடைத்து எவரும் பார்த்ததில்லை. அது பிறர் சிந்துவதை ஒற்றுவதற்கு.

அவர் இளமையில் தொடங்கிப் பல ஆண்டுகள், மத்தியதரைக் கடலில் ஓடும் ஓர் உல்லாசக் கப்பலின் சலவையறையில் வேலை பார்த்தவர். மேல்தளங்களில் பயணிகள் குடித்தார்கள். மேசைவிரிப்புகள் நீர்மட்டத்துக்குக் கீழிருந்த அறைக்கு வந்து சேர்ந்தன. ஆகவே அந்தக் கடலோரத்து ஒயின்கள் யாவும் நோயலுக்குக் கறைகளாகவே அறிமுகமாயின. இது ஓரத்தில் நீலம் பாய்வது, அது காய்ந்தால் செங்கற்பொடியைப் போல் நிற்பது என்று உறவினர்களின் குணத்தைச் சொல்வதைப் போலச் சொல்வார். அவர் குடிகாரர் அல்லர். கிறிஸ்துமசுக்கு ஒரு மடக்கு வீட்டு ஒயின், அவ்வளவே. “குடிச்சா மறந்துரும் பாப்பா. துணில பட்டா மறக்காது.” மால்டாவில் கப்பலேறும் ஒரு சிவப்பு ஒயின்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. எந்தச் சோப்புக்கும் அது மசிவதில்லை. “அந்தக் கறை எந்தக் கொடில காய்க்குதுனு ஒரு தபா பாத்துரணும். அத்தோட மூஞ்சியப் பாக்கணும் எனக்கு.”

நல்லவேளையாக, பைபிளில் வரும் திருத்தூதர் சின்னப்பர் கப்பல் உடைந்து கரையேறிய தீவும் அதுவே என்பது மரபு. எனவே ராயபுரத்தில் இந்தப் பயணத்துக்குத் திருயாத்திரை என்று பெயர். காலையில் கோயில், மாலையில் தோட்டம். ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் உள்ள தொலைவைச் சங்கமித்ரா கிலோமீட்டரில் சொன்னாள். நோயல் உதடுகளை அசைத்துக் கணக்கிட்டுவிட்டு, “ஒரு ஜெபமாலை சொல்ற தூரம்,” என்றார். “கரீட்டா கீது. மொத தோட்டத்துல ருசி பாத்த பாவம், ரெண்டாவது தோட்டத்து வாசலாண்ட தீந்துரும்.”

மழை விட்ட பிறகும் வாரந்தோறும் வந்தார். வரும்போதெல்லாம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சுயம்புவுக்குச் சர்க்கரை நோய். இனிப்பு ஒயின் கூடாது. பிலோமினாவுக்கு முழங்கால் வலி. படி இறங்கும் நிலவறை கூடாது. எல்லாருக்கும் கருவாடு வேண்டும். விமான நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது.

பிலோமினாவை மட்டும் அவர் குரலைத் தாழ்த்தியே குறிப்பிட்டார். கோயிலின் பக்திச் சபையான மரியாயின் சேனையில் அந்த அம்மையாருக்கு என்ன பொறுப்பு என்பது சங்கமித்ராவுக்குத் தெரியாது. நோயல் பேசிய விதத்தைப் பார்த்தால் பீரங்கிப் படைத்தளபதியாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்தால் தோட்டத்தார் கதவைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பத்துப் பேரில் பிலோமினாவையும் சேர்த்து ஆறு பேர், அவர் எழுந்தால் எழுந்து அவர் அமர்ந்தால் அமர்கிற பெண்கள்.

“அக்கா கலண்டுக்கினா டூரு அம்பேல்,” என்றார் நோயல்.

ஒரு நாள் சங்கமித்ரா தற்செயலாகக் கேட்டாள். “துறைமுகத்துலேந்து ஊருக்குள்ள போற ரோடு ஏத்தமா அங்கிள்? ஆன்ட்டிக்கு முட்டி வலினீங்களே.”

நோயல் சன்னலைப் பார்த்தார். “ஏத்தம் மாரிதான் தெரியும்.”

“தெரியும்னா?”

“கப்பல்லேந்து பாத்தா.”

கப்பல் கரையில் நிற்கும் நாள்தான் சலவையறையில் வேலை மிகுந்த நாள் என்று அவர் சொன்னார். பயணிகள் இறங்கி ஊர் பார்க்கப் போவார்கள். அவர்கள் விட்டுப்போன படுக்கைவிரிப்பும் மேசைவிரிப்பும் மலைபோல் கீழே வந்து சேரும். “அவுங்களும் எறங்குவாங்க, துணியும் எறங்கும். ஊரு அவுங்களுக்கு, துணி எனக்கு.”

“ஒரு வாட்டி கூடவா நீங்க இறங்கல?”

“சின்னப்பருக்குக் கப்பல் ஒடைஞ்சிச்சு, எறங்கினாரு. நம்ப கப்பல் ஒடையவே இல்லியே பாப்பா.”

இது ராயபுரத்தில் எவருக்கும் தெரியாது. விடுப்பில் வரும்போதெல்லாம், மால்டா என்று பொறித்த சாவிக்கொத்துகளை அவர் ஊருக்கே விநியோகித்திருந்தார். அவற்றைக் கரையிறங்கி வாங்கி வந்து கொடுத்தவர்கள் அறைப் பணியாளர்கள். ‘நோயலு பாக்காத ஊரா’ என்று பிறர் சொன்னபோது அவர் ஆம் என்றதில்லை. இல்லை என்றும் திருத்தியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் பத்துப் பேரும் கடவுச்சீட்டைக் கையில் எடுத்திருந்தார்கள்.

“சொல்லிடுங்களேன் அங்கிள்.”

“சொன்னா அக்கா வருமா? எறங்காதவன் பின்னால யாரு எறங்குவா?”

அடுத்த சிக்கல் துப்புவதில் வந்தது. ருசி பார்ப்பவர்கள் ஒயினை வாயில் சுழற்றிவிட்டு உமிழ்ந்துவிடலாம், அதற்கு வாளி வைத்திருக்கிறோம் என்று தோட்டத்தார் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். நோயல் கவலையில் ஆழ்ந்தார். “நம்ப ஆளுங்க வெத்தலையத் துப்புவாங்க, ஒயினத் துப்ப மாட்டாங்க. ரெண்டாவது தோட்டத்துலயே பேஜாராயிரும். ஒத்திகை பாத்துரணும்.”

ஒத்திகை, பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் திருப்பலிப் பூசை முடிந்த கையோடு பிலோமினாவின் கூடத்தில் நடந்தது. காரணம், கிறிஸ்துமஸ் ஒயின் மிச்சம் இருந்தது அங்கேதான். ராயபுரத்தின் கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, பட்டை, கிராம்பு ஆகியவற்றை ஊறுகாய் ஜாடியில் போட்டு ஒயின் செய்வார்கள். ஒவ்வொரு வீட்டு ஒயினும் மற்ற எல்லா வீட்டு ஒயினையும் விடச் சிறந்தது. இதில் கருத்து வேறுபாடு உடையவர்கள் மறு ஆண்டு அழைக்கப்படுவதில்லை.

பத்துப் பேரும் சுவரோரம் அமர்ந்தார்கள். சங்கமித்ரா வாசலருகே நின்றாள். பிலோமினா, நீலக் கரையிட்ட வெள்ளைப் புடவையில், தம்ளர்களைத் தாமே நிரப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு புதிய நீல வாளி. அது எதற்கு என்று முன்னதாகவே அம்மையாரிடம் சொல்லிவிடுமாறு சங்கமித்ரா இருமுறை நினைவூட்டியிருந்தாள். “சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்,” என்றிருந்தார் நோயல்.

“மொதல்ல கலரப் பாருங்க,” என்று தொடங்கினார். “அப்பால மோந்து பாருங்க. அப்பால வாயில வுட்டு சுத்துங்க. முழுங்காதீங்க. நான் கை காட்டுறேன்.”

சுயம்பு தம் பணிக்காலம் முழுவதும் கிரேனின் உச்சியில் அமர்ந்து, கீழே நிற்பவனின் கைஜாடைக்கு மட்டுமே இயங்கிப் பழகியவர். நோயலின் கை வாளியை நோக்கி இறங்கியது. சுயம்பு துப்பினார். அது வாளியின் அடியில் விழுந்த ஓசை கூடம் முழுவதும் கேட்டது.

“இன்னாடா பண்றான் இவன்?” பிலோமினா எழுந்தார், ஐந்து பெண்களும் எழுந்தார்கள். “எம் மாமியா கைப்பக்குவம்டா அது! பேரப் புள்ளைக்கே ஒரு சொட்டுதான் நாக்குல வைப்பேன். அத்தப் போயி பக்கெட்ல துப்புறியா, கட்டைல போறவனே!”

“அவன்தான் கை காமிச்சான்,” என்றார் சுயம்பு.

“அக்கா, அங்க அப்டித்தான்க்கா. அது மரியாதக்கா.”

“துப்புறது மரியாதையா? எந்த ஊர்ல?”

“மால்டால.”

“நீ பாத்தியா?”

கேள்வி அவ்வளவு சிறியது. பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லிவிடுவார் என்றே சங்கமித்ரா நினைத்தாள். நோயலின் வாய் திறந்தது. அதற்குள் பிலோமினா வீசிய கை பக்கத்து நாற்காலித் தம்ளரில் பட்டு, அது கவிழ்ந்து, வெள்ளைப் புடவையின் கொசுவத்தில் சிவப்பு இறங்கியது. நோயல் அந்த இடத்திலேயே மண்டியிட்டார். கைக்குட்டை வெளியே வந்தது. புடவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“பாக்கல. நான் அந்த ஊர்ல எறங்கவே இல்லக்கா.”

சுயம்புவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் எஞ்சியிருந்தது. “அப்ப அந்தச் சாவிக்கொத்து?”

“கேபின் பசங்க வாங்கியாந்தது மாமு.”

“அத்தினி வருசம் அங்க இன்னாதான்டா பண்ண?” என்று கேட்டார் பிலோமினா.

“தொவைச்சேன்.”

“கால வுடு. ஏந்துரு,” என்றார் பிலோமினா. புடவையை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து பெண்களும் செருப்பைத் தேடினார்கள். சுயம்பு, தம் தம்ளரில் மிச்சம் இருந்ததைத் துப்பாமல் முடித்துவிட்டுக் கடைசியாக வெளியேறினார்.

அதற்குப் பிறகு நோயல் எம்.கே.பி. நகருக்கு வரவில்லை. தொலைபேசியை எடுக்கவும் இல்லை. தோட்டத்தாரிடம் பயணம் இல்லை என்று எழுதிவிடலாமா என்று சங்கமித்ரா யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள், மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரை அழைத்தவாறு யாரோ ஏறி வரும் ஒலி கேட்டது. பிலோமினா. மூச்சு வாங்கி முடிந்ததும், பையிலிருந்து அந்த வெள்ளைப் புடவையை எடுத்து மேசைமேல் விரித்தார். கொசுவத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாக் கறை பரவி நின்றது.

“பாருடி. ஒத்து ஒத்துனு ஊருக்கே பாடம் நடத்துறவன். தேச்சி வெச்சிருக்கான்.”

சங்கமித்ரா பார்த்தாள். உண்மைதான், நூல் பிரியும் அளவுக்குத் தேய்த்திருந்தார்.

“தொழிலே மறந்துபோச்சு அவனுக்கு. நான்தான் பாத்துகினு இருந்தேனே. இத்தினி வருசமா சாவிக்கொத்து குடுத்தானே, அப்ப மறந்துச்சா? நெசத்தச் சொல்லசொல்லத்தான் மறந்துச்சு.” புடவையை மடித்துப் பைக்குள் திணித்தார். “ஆறு பேரும் வர்றோம். ஆனா ரெண்டு கண்டிசன். எங்க ஆளுங்க எதையும் துப்ப மாட்டாங்கனு அந்த வெள்ளக்காரனுக்கு எழுதிப் போடு. குடுத்தத முழுங்குவோம், புடிக்கலனா மூஞ்சியச் சுளிப்போம். அப்பால, நோயலு கைடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வழிய அந்த ஊர்க்காரன் காட்டுவான். இவன் எல்லாருக்கும் முன்னாடி எறங்கணும், அவ்ளோதான் இவன் வேல.”

“மாட்டேன்னு நின்னுட்டார்னா ஆன்ட்டி?”

“பின்னாடி நான்தான நிப்பேன். தள்ளி வுட்ருவேன்.”

பிலோமினா போட்ட நிபந்தனைகள் காதுக்கு எட்டிய பிறகு, மாசி பிறந்து நோயல் வந்தார். கையில் கீழே எதிர்க்கடையில் வாங்கிய தேநீர். புதிய படம் இருக்கிறதே என்று சுவரைப் பார்த்தார். சங்கமித்ரா மால்டாத் துறைமுகத்தின் படத்தைத் திருப்பதிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். பொங்கலுக்கு வாங்கிய வெள்ளை விரிப்பு மேசைமேல் கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்து, “பருத்திதான்,” என்று ஒப்புதல் அளித்தார். நுழைவு அனுமதிகள் வந்துவிட்டதையும், தோட்டத்தார் வாளியை எடுத்துவிடச் சம்மதித்ததையும் அவள் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“வேற ஏதாவது எழுதணுமா அங்கிள்? இன்னிக்கு லாஸ்ட்டு மெயில் அனுப்பறேன்.”

“அந்தத் தோட்டத்துல மேசைக்கு இன்னா துணி போடுவாங்க?”

“தெரியல. கேட்டா சொல்வாங்க.”

“வெள்ளத் துணி போடச் சொல்லு பாப்பா. தும்ப வெள்ளையா.”

“எதுக்கு?”

“ஒரு கிளாஸ் கொட்டணும்.”

“தெரியாம கொட்டினா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க அங்கிள்.”

“தெரியாம இல்ல. தெரிஞ்சே. கொட்டிட்டு, சாரி கூட சொல்லாம, ஊரப் பாக்க எறங்கிப் போவணும்.”

சொல்லிவிட்டு, எப்படி என்று காட்டுபவரைப் போலக் கையிலிருந்த தேநீர்த் தம்ளரை மெல்லச் சாய்த்தார். வெள்ளை விரிப்பில் ஒரு வாய்த் தேநீர் விழுந்து, பழுப்பாக, நிதானமாகப் பரவியது. அவருடைய வலக்கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கைக்குட்டையின் முனை வெளியே தலைநீட்டியது. நோயல் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றை விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு, தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.