வழி திரும்பிய மூன்றாம் நாள்

முத்துசெல்வத்துக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். ஆண்டாப் ஹில்லில் அவன் குடியிருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், அதுவும் பெருமையாகச் சொல்வார்கள். லேத் பட்டறையில் இருபது வருடம் இரும்பு கடைந்த கை. ஓங்கி ஒன்று விட்டால் வாங்கியவனுக்குக் காது அடைத்துவிடும்.

அந்தத் தெரு ஒருவழிப் பாதை. நாலு வருடத்துக்கு முன் எதிர்த்திசையில் வந்த ஒரு பைக், அவன் மனைவி உமாமகேஸ்வரியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. இடது கால் முட்டிக்குக் கீழே இரண்டு துண்டு. அன்றிலிருந்து முத்துசெல்வம் தினமும் பட்டறைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாப் பக்கத்துத் தெருமுனையில் நிற்பான். வெளியேற மட்டுமேயான அந்த முனை வழியாக எவன் நுழைந்தாலும் சாவியைப் பிடுங்கி, சட்டையைப் பிடித்து இறக்கி, அறைவான். போலீஸ் செய்யாததை நம்ம ஆள் செய்கிறான் என்று தெருவே மெச்சியது. மெச்ச மெச்ச இவனுக்குத் தலைகால் புரியவில்லை. என் பேரைச் சொல்லி யாரையும் அடிக்காதீர்கள் என்று உமா தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்கிற ஆளா அவன்?

போன மாதம் மெயின் ரோட்டில் சாக்கடை தோண்டினார்கள் என்று தெருவின் போக்கையே திருப்பிவிட்டார்கள். இனி பஸ் ஸ்டாப் பக்கம்தான் நுழைவு. பலகை நட்டபோது முத்துசெல்வம் பக்கத்தில் நின்று படித்தவன்தான். படித்து என்ன புண்ணியம்!

மூன்றாம் நாள் காலை உமா பால் வாங்கத் தெருவைக் கடந்தாள். பழக்கத்தில் பழைய பக்கத்தையே பார்த்து நடந்தாள். பஸ் ஸ்டாப் பக்கமிருந்து வந்த பைக்காரன் அவளைக் கண்டதும் பிரேக்கை மிதித்து, ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டான். நகுல் என்று பேர். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன், நாற்பது வயதிருக்கும். உமா மேல் வண்டி படவில்லை. பயத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பழக்கத்தில் அதே முனையில் வந்து நின்ற முத்துசெல்வத்துக்கு அதைப் பார்த்ததும் ரத்தம் தலைக்கேறியது. நகுலின் ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே அவன் தாடையில் அடித்தான். நகுல் கையை உயர்த்திப் பலகையைக் காட்டினான். அந்தக் கையிலும் விழுந்தது. முத்துசெல்வம் அடித்தால் ராங் சைடாகத்தான் இருக்கும் என்று கடைக்காரர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் பாய்ந்தார்கள். ஒருவன் டீக்கடை ஸ்டூலைத் தூக்கினான். கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். காது கிழிந்து ரத்தம் கொட்டியது. அப்போதுதான் முத்துசெல்வத்துக்குப் பலகை உறைத்தது. போதும், விடுங்கள் என்று கத்திப் பார்த்தான். யார் கேட்டார்கள்? நாலு வருடமாக அவன் பழக்கிவிட்ட கூட்டமல்லவா!

போலீஸ் ஜீப் வந்ததும் தெரு ஒரே குரலில் பேசியது. ராங் சைடில் வந்தான், இந்த அம்மாவை இடித்தான், தானே விழுந்தான். தாடை உடைந்த நகுலால் வாயைத் திறக்க முடியவில்லை. அப்படியானால் கேஸ் இவன்மேல்தான், லைசென்ஸும் போகும் என்றார் அதிகாரி. பிறகு உமாவிடம் கேட்டார்.

முத்துசெல்வம் அவள் முழங்கையைப் பிடித்தான். “வாயத் தொறந்துராத உமா. என்னய உள்ள தூக்கிப் போட்டுருவானுவ.”

உமா அந்தக் கையை விலக்கினாள். அவர் சரியான வழியில்தான் வந்தார், என்னை இடிக்கவில்லை, முதல் அடி என் புருஷன் அடித்தது என்று அதிகாரிக்குப் புரியும்படி இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“என்னப் பாத்து நின்னாருல்லா. நின்ன மனுசனப் போட்டு அடிச்சிட்டியளே. இனி நா யாரு மொகத்துல முழிப்பேன்?”

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். உமா திரும்பிப் பார்க்கவில்லை. நகுலை டாக்சியில் உட்கார வைத்து, தானும் ஏறி, தன் முந்தானையை அவன் காதில் அழுத்திப் பிடித்தபடி, டிரைவரிடம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.