மண் சரிவைத் தாண்டி வலியசாலைக்குப் போன அரிசி

திருநெல்வேலி ஜங்ஷனில் விடிகாலை வண்டி ஏறினேன். திருவனந்தபுரத்துக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். ஐப்பசி மாதம். தீபாவளிக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்தார்கள். பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் நான், செங்கோட்டை மலைப்பாதையை அதுவரை தேசப்படத்தில் ஒரு கறுப்புக் கோடாகத்தான் பார்த்திருந்தேன்.

என் தங்கை கமலா திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பர்மா அரிசி வரத்து நின்றுபோனதிலிருந்து அந்த ஊரில் அரிசிக்குப் பெரிய தட்டுப்பாடு. தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றிவந்தார்கள். சர்க்கார் கிடங்கிலிருந்து அளந்து கொடுக்கும் அரிசியில்தான் அது நடந்தது. 'விடுமுறைக்கு வா, கை போதவில்லை' என்று ஊருக்கு வந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தென்காசியில் எங்கள் வண்டிக்குப் பின்னால் நான்கு கூட்ஸ் வாகன்களைச் சேர்த்தார்கள். என்ன சரக்கு என்று கார்டிடம் கேட்டேன். கோபாலப் பிள்ளை என்று பெயர். கொல்லத்துக்காரர், மலையாளம் கலந்து தமிழ் பேசுகிறவர்.

"அரிசியாக்கும் டீச்சரே. திருவனந்தபுரம் சர்க்கார் கிடங்குக்கு. அங்க கிடங்கு காலி. நாளைக்கு இது போய்ச் சேரலேன்னா அளக்கறதுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்.

செங்கோட்டையில் ஓர் அணாவுக்குக் காப்பி குடித்தேன். அங்கே பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டினார்கள். முன்னது இழுக்க, பின்னது தள்ள, வண்டி முக்கி முனகி ஏறியது. பகவதிபுரம் தாண்டியதும் குகை வந்தது. உள்ளே நுழையும்போது வெயில். வெளியே வந்தால் மழை! ஒரே மலைக்கு இந்தப் பக்கம் காய்ந்த பாறை, அந்தப் பக்கம் கண் கொள்ளாத பச்சை. மாணவிகளுக்குப் பலமுறை நான் சொன்ன பாடம்தான். ஆனாலும் ஜன்னலில் கை நீட்டி அந்த மழையை வாங்கிக்கொண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சற்று நேரத்தில் பதின்மூன்று வளைவுகள் கொண்ட கல் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. இதைக் கட்டியவர்களில் பாதிப் பேராவது நம் ஜில்லாக்காரர்களாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பகலில் கழுதுருட்டி ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. முன்னே மண்சரிவு ஒன்று இறங்கித் தண்டவாளத்தை மூடியிருந்தது. ஒரு பர்லாங்குக்கும் குறைவான இடம்தான். ஆனால் மண்ணும் கல்லும் ஆள் உயரம் கிடந்தன.

"பயப்பட வேண்டா. இதுவே ராத்திரி நேரம் மண்ணு இறங்கியிருந்தா தப்பியிருக்க மாட்டோம். கேங்குக்காரன் கண்டு செவப்புக் கொடி காட்டினதாக்கும்" என்றார் கார்டு.

பாதையைப் பராமரிக்கும் அந்தக் கேங்குக்கு மேஸ்திரி சுடலைமுத்து. தென்காசிப் பக்கத்து மனிதர். நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பாதை தெளிய நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும் சார். தென்மலையிலேருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு வண்டி வரச்சொல்லுங்க. ஆளுக நடந்து தாண்டட்டும். அரிசிய நாங்க சுமந்து ஏத்திருதோம்."

கழுதுருட்டி ஸ்டேஷனுக்கு ஆள் ஓடித் தந்தி அடித்து உத்தரவு வாங்கினார்கள். பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டியில் வந்த ஆண்கள் பலரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். சேற்றின்மேல் ஸ்லீப்பர் கட்டைகளைப் போட்டு நடைபாதை செய்தார்கள். மழைக்குத் தார்ப்பாய் போர்த்தி, மூட்டையைக் கம்பில் கட்டி, நான்கு பேராகத் தூக்கி நடந்தார்கள்.

நான் ஒதுங்கி நின்றேன். மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, ஒங்களுக்கு ஒரு வேலை இருக்கு. எங்க ஆளுக எல்லாம் சுமக்கப் போயிட்டாக. அந்தா மேல சாஞ்சு நிக்கே ஒரு மரம், அதையே பாத்துக்கிட்டு இருங்க. கொஞ்சம் அசைஞ்சாலும் ஒரே சத்தமாப் போடணும். வகுப்புல போடுத சத்தம் போதும்."

இப்படி ஒரு வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. குடையை மடக்கிவிட்டு, கண்ணில் வடிந்த தண்ணீரைத் துடைத்துத் துடைத்து அந்த மரத்தையே பார்த்தேன். கீழே மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி 'ஏலேலோ' கேட்டது. கழுத்து வலித்தது. திரும்பவில்லை. இரண்டு வாகன் காலியாகி மூன்றாவதைத் திறந்திருந்தார்கள். மரத்தடியில் கசிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகியது. உச்சிக் கிளை ஒரு சாண் நகர்ந்ததுபோல் தோன்றியது. தோற்றமோ நிஜமோ என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

"மரம்! மரம்! ஓடுங்கோ!"

என் குரல்தானா அது என்று இருந்தது. மூட்டைகளைப் போட்டுவிட்டு இரு பக்கமும் ஓடினார்கள். அடுத்த மூச்சில் மரம் வேரோடு சறுக்கி வந்து ஸ்லீப்பர் பாதையை அடித்துக்கொண்டு போனது. மண் அடங்கியதும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எல்லாரும் பதில் சொன்னார்கள். ஒரு மூட்டை மட்டும் புதைந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மதி, போதும், இனி வேண்டா. அரிசியைக் காட்டியும் ஆளு பெரிசு" என்றார் கார்டு.

மேஸ்திரி சரிவின் ஓரமாக மேலே ஏறிப் போனார். நெடுநேரம் கழித்து இறங்கி வந்தார்.

"மேல பாறைதான் சார் நிக்கி. விழ இனி மண்ணு இல்ல. போன வருசம் ஒரு கண்டிராக்டர் மேல் சரிவுல விறகுக்கு மரத்தையெல்லாம் வெட்டிட்டான், அதான் இறங்கிட்டு. அந்தால பாருங்க, ரயில் கம்பெனி மூங்கில் வச்ச இடம் அப்படியே நிக்கி."

உண்மைதான். இரு பக்கமும் மூங்கில் புதர்கள் மழையை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றன.

கோபாலப் பிள்ளை ஒரு நிமிஷம் மலையைப் பார்த்தார். பிறகு கறுப்புக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கம்பின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார். அதற்கப்புறம் யாரும் தயங்கவில்லை; அடித்துப்போன பாதைக்கு வேறு கட்டைகளைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் மறுபடி மலையைப் பார்த்து நின்றேன். பொழுது சாயுமுன், புதைந்த ஒரு மூட்டை போக, நான்கு வாகன் அரிசியும் அக்கரை சேர்ந்தது. என் பெட்டியை ஒரு தோட்டத் தொழிலாளி வாங்கிக்கொண்டார். சேற்றைத் தாண்டிப் போய், தென்மலையிலிருந்து வந்து நின்ற வண்டியில் ஏறினேன்.

கொல்லத்தில் பெண்கள் தங்கும் அறையில் படுத்து, மறுநாள் காலை வண்டியில் திருவனந்தபுரம் வந்தேன். வழியெல்லாம் காயலும் தென்னையும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கயிற்றுக் கட்டும் கொப்பரையும் வண்டிக்குக் காத்துக் கிடந்தன. கொண்டுவருவதைக் கொடுத்து, விளைந்ததை வாங்கிப் போகும் இந்த வண்டி நின்றால் எத்தனை அடுப்பு அணையும் என்று எண்ணிக்கொண்டேன். தம்பானூர் ஸ்டேஷன் கல் கட்டடம், அரண்மனை மாதிரி. கமலா பிளாட்பாரத்தில் நின்றாள். என் புடவையின் செம்மண்ணைக் கண்டு பதறிப்போனாள்.

"என்னக்கா இது கோலம்! மலையிலே மண்ணு இடிஞ்சுதுன்னு கேட்டதும் நேக்கு உசிரே இல்லை, கேட்டயோ. அரிசியும் வராதுன்னு எல்லாரும் சொல்லியாச்சு."

"வந்திருக்குடி. பின்னாலே பார்."

அவள் பார்த்தாள். எங்கள் வண்டியின் கடைசியில் இருந்த வாகன்களின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் வலியசாலைக் கோயில் பக்கத்துக் கொட்டகையில் கஞ்சி ஊற்றினோம். கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், சாலையில் கல் உடைக்கிறவர்களின் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு சின்னப் பெண் குடித்து முடித்து, "இன்னும் கொஞ்சம் தருமோ, மாமி?" என்றாள். ஊற்றினேன். பானையில் இருந்தது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

விடுமுறை முடிந்து திரும்பும்போது கழுதுருட்டி அருகில் வண்டி நடை வேகத்தில் போனது. பாதை சீராகிவிட்டது. சுடலைமுத்துவின் ஆட்கள் சரிந்த இடத்தில் மூங்கில் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து, சேற்றுக் கையைத் தூக்கி, "சத்தம் போட்ட டீச்சரம்மாவா! சொகமாப் போயிட்டு வாங்க" என்றார்.

திருநெல்வேலியில் இறங்கினேன். கூட்ஸ் ஷெட்டில் வாகனில் அரிசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாமிரபரணித் தண்ணீரில் விளைந்தது நம்ம ஊருக்கே என்றுதான் இங்கே எல்லாருக்கும் நினைப்பு. மூட்டையை இறக்கி வைத்த ஒரு சுமைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவும் எங்கதான் போவுதோ, எவன் திங்கானோ!" என்று அலுத்துக்கொண்டார்.

நான் நின்றேன்.

"திருவனந்தபுரம் போறது. வலியசாலையிலே சின்னக் குழந்தைகள் குடிக்கறது. என் கையாலே ஊத்தினேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அடுத்த மூட்டையை முதுகில் வாங்கி, வாகனுக்குள் எறியாமல், மெதுவாக இறக்கி வைத்தார்.