செல்லத்தாயின் நாலாவது போல்ட்

செல்லத்தாயைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். எங்கள் திருப்பூர் அனுப்பர்பாளையம் லைன் வீடுகளில் எல்லோரும்தான் சொன்னார்கள். நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். பதினாறு வருஷம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். புருஷன் சந்தனம் மஞ்சள் காமாலையில் போனபோது அவனுடைய பழைய மினி லாரி வாசலில் நின்றது. விற்றுவிடு என்றோம். அவள் லைசென்ஸ் எடுத்தாள். முப்பத்தெட்டு வயதில், பயந்து பயந்தே பழகினாள். எட்டு வருஷமாக நூல் மூட்டைகளைச் சாமளாபுரம் தறிகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிறாள். இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

ஆனால் அந்தப் பயம் இருக்கிறதே! வண்டியை எடுக்கும் முன் சக்கரத்து நட்டு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் இறங்கிப் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு ஏறுவாள். ஏறியதும் சந்தேகம் வந்து மறுபடி இறங்குவாள். வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கி போதாதென்று நாலு சக்கரத்துக்கும் கல் வைப்பாள், மேலே மரக்கட்டையும் முட்டுக் கொடுப்பாள். ஓட்டும்போது போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவாள்.

"தேங்கா வாங்கறவங்ககூட இத்தனை தட்டிப் பாக்க மாட்டாங்க" என்று கிண்டலடிப்பேன். அவளும் சிரித்துக்கொண்டே தொட்டுப் பார்ப்பாள்.

நான் மகுடேஸ்வரன், தையல் மெஷின் மெக்கானிக். இருபத்தைந்து வருஷமாகக் கம்பெனி கம்பெனியாகப் போய் மெஷின் பார்க்கிறேன். என் கைக்கு அடங்காத ஸ்குரூ கிடையாது என்கிற திமிர் அன்றைக்கு எனக்கு நிறையவே இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாரியின் ஷாஃப்டில், அதாவது எஞ்சின் சுற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான குழாயில், ஒரு இணைப்பு தேய்ந்து சத்தம் கொடுத்தது. ஒர்க்‌ஷாப் எல்லாம் மூடியிருந்தன. திங்கள் காலை லோடு. முன்பு இரண்டு முறை செய்த வேலைதான் என்பதால் செல்லத்தாய் தானே கழற்றிப் புது இணைப்பைப் போட்டாள். ஷாஃப்டைத் திரும்ப மாட்டும்போதுதான் வினை வந்தது. ஷாஃப்டைப் பின் சக்கரத்து அச்சோடு பிணைக்கும் தட்டில் நாலு போல்ட். அந்தத் தட்டிலேயே மரை வெட்டியிருக்கும், நட்டு கிடையாது. மூன்று ஒழுங்காக ஏறின. நாலாவது கோணலாக ஏறியதைக் கவனிக்காமல் ஸ்பேனரைப் போட்டு அழுத்திவிட்டாள்.

"அண்ணே, ஓட்டையில மரை போயிருச்சு. போல்ட் சும்மா சுத்துது" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது.

நான் வீட்டுக்குள் போய் என் மனைவியின் மெஷினிலிருந்து சிவப்பு நூலை நாலு இழை அறுத்துக்கொண்டு வந்தேன். திருப்பூரில் தையல் தெரிந்த யாருக்கும் இந்த வேலை தெரியும். மெஷினில் ஸ்குரூ ஓட்டை தேய்ந்துபோனால் உள்ளே இரண்டு இழை நூலை விட்டுத் திருகுவோம். மாசக்கணக்கில் நிற்கும். செல்லத்தாயே எத்தனையோ முறை செய்திருக்கிறாள்.

"அது தையல் மெஷினுண்ணே. இது வண்டியில்லா?" என்றாள்.

"எல்லாம் இரும்புதானுங்க. மீதி மூணு போல்ட் கெட்டியாத்தானே இருக்குது? ஒண்ணும் ஆகாதுங்க. இப்படிப் பயந்தா எப்படிப் பொழைக்கறது?"

போல்ட் இன்னொரு தடவை சும்மா சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு வண்டிக்கு அடியிலிருந்து கை நீண்டது. நூலைக் கொடுத்தேன். போல்ட் சிக்கென்று பிடித்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல என் மனைவி பழனாத்தாளும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டாள். மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நான் ஒரு மெஷின் பாகம் கடைய, பொங்கியண்ணனின் லேத்துப் பட்டறைக்குப் போனேன். சும்மா இருக்காமல் நூல் கதையைப் பெருமையாக அவிழ்த்துவிட்டேன்.

அவர் லேத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏப்பா மகுடேசு, தையல் ஸ்குரூ ஊசியப் புடிச்சுட்டு நிக்குது. இது லோடு வண்டியவே இழுக்குதுப்பா. அந்த நூலு ஒரு ஓட்டத்துல நசுங்கிப் போயிரும். ஒண்ணு தளந்தா மத்த மூணும் ஆடும். ஷாஃப்ட் கழண்டு பிரேக் குழாய அடிச்சுதுன்னா..."

மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

செல்லத்தாய்க்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் பெட்டிக்குள் கிடக்கும். பழனாத்தாள் போன் சுவிட்ச் ஆஃப். அவள் கம்பெனியில் போனை அணைத்து வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படியானால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷமே அதுவும் போயிற்று. ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ராயபுரம் சந்துகள் வழியாகக் குறுக்கே போனேன். எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் எட்டிப் பார்த்தேன். டீக்கடைக் கூட்டம்கூட விபத்துக் கூட்டமாகத் தெரிந்தது. ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு கடந்தது. அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் நோட்டைப் புரட்டினார். "பழனாத்தாளுங்களா? இன்னும் வரலீங்களே."

அப்புறம் எதற்குப் போன் அணைந்திருக்கிறது? அவள் ஒருநாளும் ஒழுங்காகச் சார்ஜ் போட்டதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவர்கள் வரும் மெயின் ரோட்டில் வண்டியைத் திருப்பினேன். வாய் தானாக மாரியாத்தாளைக் கூப்பிட்டது. நூலைக் கொடுத்த கை என் கையாகவே தெரியவில்லை.

நொய்யல் பாலத்துக்குச் சரிவு இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் அந்த லாரி நின்றது. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்திருந்தது. அந்தக் கற்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பழனாத்தாள் டிபன் பையோடு ஓரமாக நின்றிருந்தாள். "வண்டியவிட்டு எறங்கி நடந்திருந்தா முன்னாடியே போயிருப்பேனுங்க. அத்தனை மெதுவா வந்தாங்க. நான்கூடச் சிரிச்சேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

செல்லத்தாய் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். நாலாவது போல்ட். அதில் சிவப்பு நூல் பஞ்சாய்ப் பிசிறியிருந்தது.

"டக்குன்னு ஒரு சத்தந்தான் கேட்டுச்சு. நிறுத்திட்டேன். இன்னொரு போல்ட் எங்கயோ விழுந்துருச்சு. மிச்சம் ரெண்டும் வெரல்லயே சுத்துது."

நான் சரிவைப் பார்த்தேன். கீழே பாலத்து முனையில் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து நீங்க நூலு குடுத்தப்பவே எனக்குப் பயமாத்தான் இருந்துச்சுண்ணே" என்றாள்.

"அப்பறம் ஏனுங்க போட்டீங்க?"

"உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பயமில்லையே. வெவரந் தெரிஞ்சவுக பயப்படாதப்ப, என் பயந்தான் தப்புன்னு நெனச்சுட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எட்டு வருஷமாக அவளையும் அவள் வண்டியையும் காப்பாற்றி வந்தது அந்தப் பயம்தான். அதையே நான் கிண்டலடித்துக் கிண்டலடித்து, அவளே நம்பாதபடி செய்திருக்கிறேன்.

தட்டைக் கழற்றிப் பொங்கியண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் கெட்டுப்போன ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் புஷ் என்கிற சின்ன எஃகுக் குழலைத் திருகி இறுக்கினார். புஷ்ஷுக்கு உள்ளே பழைய அளவிலேயே மரை இருந்தது. மற்ற மூன்று ஓட்டைகளையும் சோதித்து, நாலு போல்ட்டும் புதிதாகக் கொடுத்தார்.

மத்தியானம் புளியமரத்தடியில் செல்லத்தாய் அதை மாட்டினாள். முதல் தடவையாக நானும் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் பிடித்தேன். அங்கே படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, தலைக்கு மேலே எவ்வளவு இரும்பு என்று. ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் கையாலேயே நேராக ஏற்றி, பிறகுதான் ஸ்பேனர் போட்டாள். எல்லாம் முடிந்ததும் நாலையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் பயமாத்தான் இருக்குண்ணே" என்றாள். சொல்லிவிட்டு, நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படீன்னா கழட்டுங்க. இன்னொருக்கா பாத்தரலாம்" என்று ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.