பூட்டுக்காரர் வாங்கிய வட்டி

பூட்டுக்காரர் ஊரில் எதையும் பூட்டிவிடுவார், தன் கையைத் தவிர. இருபது வருஷத்துக்கு முன்னால் அவரும் மனைவியும் ஒரே நாளில் வங்கியில் ஆளுக்கு ஐம்பதாயிரம் போட்டார்கள். வருஷம் தவறாமல் அவர் இஸ்திரிச் சட்டையோடு போய் வட்டியை வாங்கி வருவார். ஒரு வருஷம் மின்விசிறி, ஒரு வருஷம் கைக்கடிகாரம்.

"கையில வந்தாத்தான் அது வட்டி" என்பார். மனைவிக்கு வரிசையில் நிற்கச் சோம்பல். அந்தப் பக்கமே போகவில்லை. "அவளுக்கு விவரம் பத்தாது" என்று மச்சானிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

போன வாரம் தவணை முடிந்தது. அவருக்கு ஐம்பதாயிரம், அவளுக்கு இரண்டு லட்சம்.

"தப்பா எண்ணிட்டீங்க" என்றார் காசாளரிடம்.

"இல்லைங்க. உங்க வட்டி வருஷா வருஷம் உங்களோட வீட்டுக்குப் போயிருச்சு. அவங்க வட்டி இங்கேயே தங்கி, அசலோட சேர்ந்து குட்டி போட்டுச்சு. அந்தக் குட்டியும் குட்டி போட்டுச்சு."

இரண்டு தொகையையும் மறுபடி அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் மனைவி இரண்டு ரசீதையும் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நீங்க டூப்ளிகேட் போட்டுறாதீங்க."