ஆர் சொன்னது?

“ஆர் சொன்னது?” என்று கேட்டபடியே குகதாசன் அண்ணை ஓட்டோவை ஓரங்கட்டுகிறார். நான் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. நாளைக்கு மின்சாரம் நிற்குமாம் என்றேன், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே கேட்டால் என்ன குறைந்துவிடும்? அவருக்கு அது சரிவராது. எஞ்சினை நிறுத்தி, முழு உடம்பையும் பின்னால் திருப்பி, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். “கடையிலை கதைச்சவை” என்றால், “கடையிலை ஆர்?” என்பார். பெயர் வந்த பிறகுதான் வண்டி நகரும். நான் வேலைக்குப் பிந்துவது என் பாடு.

புத்தூர்க்காரர். காலையில் ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிறகு என்னைச் சுன்னாகத்தில் விடுவார். மற்ற ஓட்டோக்களின் முதுகில் தத்துவம், காதல், சாமி எல்லாம் எழுதியிருக்கும். இவருடையது வெறும் சிவப்பு. “எழுதினவன் ஆரெண்டு தெரியாமல் நான் ஏன் அதைக் காவித் திரியவேணும்?” என்பார். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில், அச்சுவேலிப் பக்கம் பெற்றோல் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, வெறும் தாங்கியோடு வண்டியை அங்கு வரை தள்ளிக்கொண்டு போனாராம். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்ததாம். அன்றிலிருந்து எந்தக் கதையையும் மூன்று வாய் பின்னுக்குப் போய் விசாரிக்காமல் அவர் நம்புவதில்லை.

இதையெல்லாம் நான் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் வரை.

அவருடைய ஒரே மகள் நிவேதனா தரம் ஆறில் படிக்கிறாள். கலியாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், புதன்கிழமைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும். அன்று பின்னேரமே மனைவி தர்ஷிகா சந்தையிலிருந்து ஒரு கதையோடு வந்தார். “அந்த ஊசி போட்டால் பிறகு வயித்திலை பிள்ளை தங்காதாம். நீங்கள் கையெழுத்து வையாதேங்கோ.”

மனுசன் இரண்டு நாள் படிவத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, போடாமல் விட்டுப் பிறகொரு காலம் அவளுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தால் நான்தான் காரணம். போட்டு ஏதும் நடந்தாலும் நான்தான் காரணம்.”

பிறகு தன் வழமையான வேலையில் இறங்கினார். தர்ஷிகாவுக்குச் சொன்னவர் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும் குணலட்சுமி. குணலட்சுமிக்குச் சொன்னவர் அவருடைய மருமகள். மருமகளுக்குத் தொலைபேசியில் சொன்னவர் மயிலிட்டியில் தையல் தைக்கும் யோசப்பின். ஞாயிற்றுக்கிழமை மயிலிட்டிக்குப் புறப்பட்டவரோடு நானும் ஏறிக்கொண்டேன்.

யோசப்பின் தையல் மெசினை நிறுத்திவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “நானோ? பிள்ளை தங்காதெண்டு நான் எங்கை சொன்னனான்? பள்ளிக்கூடத்திலை கர்ப்பப்பை தடுப்பூசி போடுகினம், என்ரை மகளுக்கும் போட்டாச்சு எண்டுதான் சொன்னனான். அந்த முழுப் பேரையும் சொல்லி முடிக்க ஆராலை ஏலும்? வாயெல்லே நோகும்.”

அவர் வாய் நோகாமல் சுருக்கிய பெயர் தொலைபேசி வழியே போகும்போது ‘பை’யையும் தவறவிட்டிருக்கிறது. மருமகளின் காதில் விழுந்தது ‘கர்ப்பத் தடுப்பூசி’. வெங்காயக் கூடைக்கு வந்து சேர்ந்தபோது அது பிள்ளை தங்காத ஊசி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குகதாசன் அண்ணை சிரிக்கவில்லை. “பேர் பிழை எண்டு தெரிஞ்சுபோச்சு. ஊசி சரியெண்டு இன்னும் தெரியேல்லையே தம்பி.”

செவ்வாய்க்கிழமை சுகாதாரப் பணிமனைக்குப் போனோம். கைக்குழந்தைகளோடு தாய்மார் நிறைந்த வரிசையில் ஆண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். குடும்பநல உத்தியோகத்தர் ஷாமினி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். “இது கர்ப்பத்தைத் தடுக்கிற ஊசியில்லை அண்ணை. பின்னடிக்குப் புற்றுநோயைக் கொண்டுவாற வைரசைத்தான் தடுக்கும். பிள்ளை பெறுறதுக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. கை நோகும், சிலருக்குக் காய்ச்சல் காயும். மயக்கம் வந்தாலும் எண்டு கொஞ்ச நேரம் இருத்தி வைச்சுப் பாப்பம்.”

“உங்களுக்கு ஆர் சொன்னது, மிஸ்?”

நான் நிலத்தைப் பார்த்தேன். ஷாமினி கோபிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து அமைச்சிலிருந்து வந்த அறிவுறுத்தலை எடுத்து, திகதியையும் கையொப்பத்தையும் காட்டினார். அண்ணை ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு, அடுத்த கேள்வியைப் போட்டார். “இறால் சாப்பிட்டால் இவளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். போடலாமோ?”

ஷாமினி யோசித்தார். “அது எனக்கு வடிவாத் தெரியேல்லை அண்ணை. டொக்டரிட்டைக் கேட்டிட்டு வாறன், இருங்கோ.”

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். இறால் தடையில்லையாம். முந்திப் போட்ட ஊசி எதற்காவது கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று வைத்தியர் கேட்கச் சொன்னாராம். அண்ணை இல்லையென்றார். “அப்ப பயமில்லை. எதுக்கும் இறால் விசயத்தைப் படிவத்திலை எழுதிவிடுங்கோ.”

வெளியே வந்து ஓட்டோவில் ஏறாமல் நின்றார். “கேட்டனீரோ தம்பி? தெரியேல்லை எண்டு சொன்ன முதல் ஆள் உந்த மிஸ்தான். வெங்காயக்காரிக்குத் தெரியும், தையல்காரிக்குத் தெரியும், போனிலை வாற அவ்வளவு பேருக்கும் எல்லாம் தெரியும்.” இத்தனை நாளாக இறுகிக் கிடந்த முகம் இளகியது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே தர்ஷிகாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, பேனையை எடுத்துக் கொடுத்தது அவர்தானாம்.

ஊசி போட்ட அன்று எனக்கு விடுமுறை. மத்தியானம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, கிண்டிப் போட்டிருந்த வீதியில் முன்னால் சிவப்பு ஓட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. நிவேதனா இடது கையைப் பொத்திப் பிடித்தபடி, பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்து நித்திரை. பிள்ளைக்குக் குலுங்கக் கூடாது என்று ஒவ்வொரு குழியிலும் வண்டியை நிறுத்தி, முன்சில்லை இறக்கி, பிறகு பின்சில்லுகளை மெதுவாக இறக்கினார். பின்னால் ஒரு லொறி பொறுமையில்லாமல் ஹோர்ன் அடித்தது. நானும் மணியடித்தேன். அவர் திரும்பவில்லை. வலது கையை வெளியே நீட்டி, லொறிக்கும் எனக்கும் சேர்த்து, முந்திப் போகச் சொல்லி ஆட்டினார்.