இஷ்பெல்லின் மணல்பள்ளம்

ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில் இருந்த அந்த கோல்ஃப் மைதானத்தை மனிதர்கள் உருவாக்கியதாகச் சொல்ல முடியாது. கடற்காற்றும் செம்மறி ஆடுகளும் சேர்ந்து செய்த வேலை அது. ஏழாவது பாதையின் நட்டநடுவில் இருந்த ஒரே ஒரு மணல்பள்ளம் மட்டும், புல்தரையைப் பராமரிக்கும் இஷ்பெல் கெடஸ் தன் கையால் வெட்டியது. உள்ளே ஆள் இறங்கினால் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும். அதன்மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்.

கிளப் கேப்டன் லாக்லன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சனிக்கிழமை தவறாமல் பந்தை அதில் போட்டுவிட்டு, அதை அடித்து வெளியேற்றத் தானும் இறங்குவார்.

"ஜனங்க சந்தோஷமா ஆட வர்ற இடம் இது. பல்லு புடுங்கற இடமில்ல. அதை மூடித் தொலை," என்றார் ஒருநாள். "நிரந்தரமா மூடறதப் பத்தி பொதுக்கூட்டத்துல பேசிக்கலாம்."

"மூடிட்டாப் போச்சு, கேப்டன்," என்றாள் இஷ்பெல். அவள் அத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

பள்ளம் மூடியபின் வந்த முதல் சனிக்கிழமை ஊரே குஷியாக இருந்தது. கேப்டன் தன் செலவில் எல்லோருக்கும் விஸ்கி ஊற்றினார். அடுத்த வாரம் கிளப்பில் இரண்டு ஆட்டக்காரர்களின் பேச்சு இப்படிப் போனது.

"ஏழாவத எத்தனை அடில முடிச்ச?"

"நாலு. நீ?"

"நாலு."

பிறகு இருவரும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்கள். முன்பெல்லாம் யார் எத்தனை முறை மணலை வாரினார்கள், யாருடைய பொய்ப்பல் உள்ளே விழுந்தது என்று கிளப்பை அடைக்கும்வரை பேச்சு ஓடும். இப்போது சாயங்காலமே கிளப் காலியானது.

கேப்டனின் மனைவி ஊனா ரப்பர் பூட்ஸோடு இஷ்பெல் முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்டி இஷ்பெல், உன் வேலைதானா இது? மனுசன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துடறாரு. என் கரண்டியெல்லாம் உயரப்படி அடுக்கி வெச்சிருக்காருடி."

"கேப்டன் உத்தரவு. நான் என்ன பண்ண?"

"கூட்டம் வரட்டும், பாத்துக்கறேன்."

பொதுக்கூட்டத்தில் பள்ளம் வேண்டும் என்று முதலில் ஊனாவும் மற்ற பெண்களும் கை தூக்கினார்கள். அப்புறம் கேப்டனோடு ஆடும் கூட்டாளிகள். ஊனா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கேப்டனின் கையும் மெல்ல மேலே போனது.

"ஆனா பயந்தவனுக்கும் ஒரு வழி விடணும்," என்றார் அவர்.

"லாரி போற அகலத்துக்கு இடதுபக்கம் விடறேன், கேப்டன். அங்கேருந்து குழியில நட்ட கொடி மட்டும் தெரியாது."

"மறுபடி வெட்ட எத்தனை நாளாகும்?"

"நாளைக்கே ரெடி."

பள்ளத்தை அவள் மண் போட்டு மூடவே இல்லை. கடற்கரை மணலைக் கொட்டி, மேலே புல்லை விரித்துவைத்திருந்தாள்; மணலை அள்ளிவிட்டால் போதும்.

சனிக்கிழமை கேப்டன் மட்டையோடு நின்று, அகலமான இடதுபக்கத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டாளிகளைப் பார்த்தார். நேரே அடித்தார். பந்து பள்ளத்துக்குள் போனது, அவரும் போனார். மணல் நாலு தடவை மேலே பறந்தது.

"இஷ்பெல்," என்று தொப்பிக்குக் கீழிருந்து குரல் வந்தது. "நான் வர நேரமாகும்னு ஊனாகிட்ட சொல்லிடு."